வாயில் வராத ‘ரன் அவுட்’

போன வருடம் தை மாதம், அரியலூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நடந்தது இது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர உதவும் என்று, அங்குள்ள டீச்சர் ஒருவர், எங்களைப் போன்ற அம்மாக்களுக்குச் சனிக்கிழமைதோறும் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார். விழாவில் நாங்கள் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசி, அர்த்தமும் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்தது ‘ரன் அவுட் ஆஃப்’. கையிருப்பு முழுக்கத் தீர்ந்துபோனால் அப்படிச் சொல்வார்களாம். “வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்” என்று டீச்சர் சொல்லித்தந்தார். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அதையே முணுமுணுத்தேன்.

“யாருடி ரன் அவுட்டு? நம்மூரு டீமா?” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

ஐந்தாவது படிக்கும் மகளோ, “எங்கம்மா பாக்காமலே பேசுவாங்கன்னு க்ளாஸ் பூரா சொல்லிட்டேன். மானத்த வாங்கிடாதம்மா” என்றாள்.

விழா வெள்ளிக்கிழமை. மேடை ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அரிசி இல்லை என்றல்லவா சொல்லப்போகிறேன்! பானை காலியானால்கூட ‘அரிசி நெறஞ்சிருக்கு’ என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். அதுவும் புதுநெல் வந்திருக்கும் தை வெள்ளியில்!

மைக்கைப் பிடித்தேன். “வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப்...” அதற்குமேல் வாய் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் மகளின் முகம் சுருங்கிவிட்டது. கல்லங்குறிச்சிப் பெருமாளே, நீதான் பேச வைக்கணும் என்று கண்ணை மூடினேன்.

“...கஷ்டம்!” என்று வந்துவிட்டது. “எங்க வூட்டுல அரிசி தீரலைங்க. கஷ்டந்தாங்க தீந்துபோச்சு!”

கைதட்டல் அடங்கவே இல்லை. “அக்கா, நான் சொல்லிக்குடுத்தத விட இதுதான் நல்லாருக்கு!” என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பெஞ்சு மேல் ஏறி நின்று, “அது எங்கம்மா, அது எங்கம்மா!” என்று குதித்தாள்.

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் கேட்டார்: “ஏண்டி, கஷ்டம் எப்ப தீந்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

அவர் கேட்டது நியாயம்தான். இன்றுவரை அது முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் ஊர் கேட்க ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், பெருமாள் காதிலும் விழுந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் தினமும் சிரித்த முகமாக உலை வைக்கிறேன்.