மூடியில்லாத பத்தொன்பது பெட்டிகள்

கூடத்து மின்விசிறியைத் துடைத்ததுதான் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஸ்டூல் மேல் மகள். ஒரு கால் ஆடும் அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே அப்பா. மூன்றாவது இறக்கைக்கு வந்தபோது கேட்டார்.

"உங்க கம்பெனி ஷேர் வாங்கலாமாம்மா?"

அவள் வேலை பார்த்தது ஒரு பிராட்பேண்ட் கம்பெனியில். அதற்கு வயது ஆறு. ஆறு வருடமும் நஷ்டம். ஆனாலும் பங்குச் சந்தையில் அதைப் பற்றித்தான் பேச்சு. அதன் ஆண்டறிக்கையைக் கடையில் அச்செடுத்து வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தார் அப்பா. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மிச்சம் இருந்ததை அதில் போடலாமா என்று யோசனை. மொட்டைமாடி ஒழுகலைச் சரிபண்ண அம்மா எடுத்து வைக்கச் சொன்ன பணம் அது.

"இப்ப நஷ்டம்னா ஊரெல்லாம் தோண்டிக் கம்பி போடுறோம்னு அர்த்தம்பா. போட்டு முடிச்சிட்டா அப்புறம் வர்றதெல்லாம் லாபந்தான்." கம்பெனிக் கூட்டங்களில் முதலாளி சொல்வதை அப்படியே ஒப்பித்தாள்.

"தோண்டுறது சரி. மூடுறீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. வாங்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல் என்றார்.

"வாங்குங்கப்பா."

நூறு வீட்டுக்கு இணைப்பு கொடுத்தால் வருடம் திரும்புவதற்குள் முப்பது வீடு வேண்டாமென்று போய்விடுகிறது. அந்த அட்டவணையைத் தயாரித்தவளே அவள்தான். வெளியே சொல்லக் கூடாத விவரம் என்று ஒரு சாக்கு இருந்தது. ஆனால் 'வேண்டாம்பா' என்று ஒரு வார்த்தை சொல்ல எந்த விதியும் தடை இல்லை. தடை வேறு. நிலையான வேலையை விட்டுவிட்டு அங்கே போகாதே என்று, அவள் சேர்ந்தபோது, அப்பா தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். காப்பர் கம்பிக் காலத்து ஆளுக்கு இதெல்லாம் புரியாது என்று வாயடித்துவிட்டுப் போனவள் அவள். அந்த வாயால் இப்போது எதைச் சொல்வது? துடைத்த இறக்கையையே மறுபடி துடைத்தாள்.

அப்பா முப்பத்தொரு வருடம் தொலைபேசி லைன்மேன். எந்தத் தெருவில் நடந்தாலும் பார்வை கம்பத்தின் மேல்தான். அப்படி அண்ணாந்து நடந்து இரண்டு முறை சாக்கடையில் விழுந்திருக்கிறார். "வீட்டுல இருக்குறவள ஒரு நாளாவது இப்படி நிமிந்து பாத்திருப்பாரா" என்பாள் அம்மா. கம்பியில் உயிர் இருக்கிறதா என்று விரலில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பார். கண்ணாடி இழைக் கம்பி வந்ததிலிருந்து அவருக்கு அதுதான் குறை. தொட்டால் உதைக்க வேண்டும், உதைக்காத கம்பியை எப்படி நம்புவது என்பார்.

மகள் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. மறுநாளிலிருந்து எட்டு நாள், குடையும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினார். கம்பெனி கம்பி போன தெருவெல்லாம் நடந்து, சுவரில் மாட்டியிருந்த இணைப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பதாம் நாள், வீட்டில் சொல்லாமல், பங்குத் தரகரிடம் போனார். பத்தாம் நாள் காலை குளியலறையில் விழுந்தவர் எழவில்லை.

அந்தத் தாள் அவர் சட்டைப் பையில் கிடைத்தது. நாற்பத்திரண்டு பெட்டிகள், வரிசையாக எண் போட்டு. பத்தொன்பதுக்கு மூடி இல்லை. ஆறில் எறும்பு. ஒன்றில் பல்லி முட்டை. அடியில் அவர் கையெழுத்தில்: 'வேலை சுத்தமில்லை. வாங்கக் கூடாது.'

அவளுக்கு மூச்சு வந்தது. அப்பா தன் பேச்சை நம்பவில்லை. அதில் ஒரு மகளுக்கு இவ்வளவு நிம்மதி.

நிம்மதி பதினைந்து நாள் இருந்தது. பிறகு தரகர் கூப்பிட்டார், பெயர் மாற்றக் கையெழுத்து வேண்டுமென்று. மருந்துக் கடைக்கு மேலே, இரண்டு நாற்காலி போட்ட அறை. அப்பா வாங்கியிருந்தார். மொத்தப் பணத்துக்கும்.

"நான் வேண்டாம்னுதாங்க சொன்னேன்" என்றார் தரகர். "அவரே ஒரு தாள எடுத்து மேசைல வச்சு, பாருங்க, வேலை மோசம்னாரு. அப்புறம் ஏன் சார் வாங்குறீங்கன்னு கேட்டேன். 'நான் கம்பத்துக்குக் கீழ நின்னு பாக்குறேன். எம் பொண்ணு உள்ள இருந்து பாக்குறா. அவளுக்குத் தெரியாதா?'ன்னாரு."

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அன்றைய விலையைத் தரகர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. விலை இறங்கியிருந்ததைக் காலையிலேயே கைபேசியில் பார்த்திருந்தாள்.

அப்பா வாங்கியிருக்கிறார் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள்.

"யாரு பேச்சையும் கேக்காத மனுஷன்" என்றாள் அம்மா.

தாளின் பின்பக்கம் ஒரு தெருவின் பெயரும் 'பதினேழு, மூடி, வியாழன்' என்ற மூன்று சொல்லும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனாள். ஒரு தையல்காரம்மாவின் வாசல் சுவர். திறந்து கிடந்த பெட்டி மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நூலால் கட்டியிருந்தார் அந்த அம்மா. கம்பெனிக்கு நாலு தடவை போன் பண்ணியும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லையாம். வழியில் போன பெரியவர்தான், வியாழக்கிழமை தானே வந்து மூடி போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

"ஆளையே காணோம். உடம்புகிடம்பு சரியில்லையா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மகள்" என்றாள். இறந்ததைச் சொன்னாள். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அந்த அம்மா ஆறுதலாகக் கேட்டபோது, ஒரு ஆபீஸில் என்றாள்.

வீட்டில், அப்பாவின் கருவிப் பையில், எண்ணெய் டின் தகரத்தை வெட்டி, கையைக் கிழிக்காமல் ஓரத்தை அரத்தால் ராவிய மூடி ஒன்று இருந்தது. கூடவே காகிதத்தில் மடித்த இரண்டு திருகாணி. மூடியின் உள்பக்கம் பென்சிலில் பதினேழு.