ரிப்பேருக்கு ஒரு சுவராவது வேண்டும்

1. மலை ஏறிய லட்சணம்

கொல்லிமலையில் என் முதல் சைட்டுக்குப் போனபோது நான் செய்த முதல் காரியம் வாந்தி எடுத்தது. கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. பாதி தாண்டுவதற்குள் காலையில் தின்ற இட்லி ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டது. நான் மட்டும் மேலே போய்ச் சேர்ந்தேன். பேளுக்குறிச்சியில் பிறந்து, தினமும் வாசலில் நின்று அந்த மலையைப் பார்த்தே வளர்ந்தவன் என்று இதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

நான் பில்டிங் சர்வேயர். பிளான் போட்டு, எஸ்டிமேட் எழுதி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, வீட்டுக்காரர்களுக்கு அனுமதி வாங்கித் தருவது தொழில். சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். சரியாகச் சொன்னால் முட்டி ஓய்வு பெற்றது, நானும் கூடவே வந்துவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் உருப்படியாக ஒரே ஒரு வீட்டின் கதை இருக்கிறது. அந்த வீடு இப்போது இல்லை.

2. நூறு மீட்டருக்குள்

மலைமேல் ஒரு ஊர், பெயர் வேண்டாம். ஊர் நடுவே பழைய கல்கோயில். அதன் முன்னால் ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ என்று தொல்லியல் துறையின் நீல போர்டு. கோயிலைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. ஏற்கெனவே நிற்கிற வீட்டை ரிப்பேர் பார்க்கலாம். அதற்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அதாவது இருப்பதைத் தாங்கிப் பிடிக்கலாம், இல்லாததை எழுப்ப முடியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லம்மாளின் வீடு அந்த வட்டத்துக்குள் இருந்தது. மண்சுவர், ஓட்டுக் கூரை. பின்சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது, ஏறக்குறைய என்னைப் போல. அவர் கணவர் ராமன், மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி, விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. அடுத்த மழைக்குள் கூரையை மாற்றியாக வேண்டும்.

“மிளகுக் காட்டுல உங்களுக்கு எடம் இருக்குதுங்களே, அங்க புதுசா கட்டிக்கலாமே?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்க. ரோட்ட உட்டு மேடு ஏறோணும். இவரை ஆருங்க தூக்கிட்டுப் போறது? ஆசுபத்திரிக்குப் போவ ஆட்டோ இந்த வாசலுக்குத்தானுங்க வரும்” என்றார் செல்லம்மாள்.

கட்டிலில் இருந்து ராமன் சொன்னார்: “சார் தூக்குவாரு புள்ள. தேகத்தப் பாரு.”

“நான் உங்களைத் தூக்குவனுங்க. அப்புறம் என்னைத் தூக்க நாலு பேரு வேணுமே” என்றேன்.

சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சிரித்ததெல்லாம் அன்றோடு சரி.

இரண்டு வீடு தள்ளி ஒருவர் யாரையும் கேட்காமல் மேலே காங்கிரீட் ரூம் போட்டிருந்தார். அவருக்கு நோட்டீஸ் வந்தது. நோட்டீஸும் இருக்கிறது, ரூமும் இருக்கிறது. “நாமளும் அப்படியே செஞ்சுக்கலாங்களா?” என்று செல்லம்மாள் தயங்கிக் கேட்டார். நான்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, முறைப்படி போனால்தான் நிம்மதி என்று சொற்பொழிவு செய்தேன். கேட்டுக்கொண்டார். ஒரு மழைக்காலம் முழுக்க, ஒழுகும் தண்ணீருக்கு ராமன் மேல் பாத்திரம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அனுமதி வந்தது. கூரை மாற்றலாம். சுவர்களை அகற்றக் கூடாது. ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து, பழுதான இடத்தை மட்டும் பூச வேண்டும். உயரம் கூட்டக் கூடாது. வேலை தொடங்கும் அன்று அதிகாரி நேரில் வந்து போட்டோ எடுப்பார். எல்லாவற்றையும் செல்லம்மாளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. எனக்கும் திருப்தி. கடப்பாரை யார் கையில் இருக்கும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

3. ஜீப்பில் அடித்த பெருமை

வேலை தொடங்குகிற அன்று அந்தத் துறையின் இளம் அதிகாரியோடு அவர் ஜீப்பிலேயே கிளம்பினேன். நல்ல பையன். வழியில் ஒரு வளைவில் பலாப்பழ லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள். வெகுநேரம் அங்கேயே கிடந்தோம்.

“உங்க பார்ட்டி ரூல்ஸ மதிக்கிறவங்களா சார்?” என்று கேட்டார்.

“சார், இந்த மலையிலேயே ரூல்ஸ மதிக்கிற ஒரே வீடு அதுதான். ஒரு ஓடு மாத்தணும்னாகூட என்னைக் கேப்பாங்க” என்றேன். அன்று வாந்திகூட வரவில்லை. அவ்வளவு தெம்பு.

ஊருக்குள் நுழைந்ததும் புழுதி தெரிந்தது. அடுப்புப் புகை என்றுதான் நினைத்தேன்.

மலையில் வீட்டு வேலை என்றால் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. உறவுக்காரர்கள் சொல்லாமலே வந்துவிடுவார்கள். ஒரே நாளில் பழையதை இறக்கித் தரைமட்டமாக்கி, மண் குழைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்கள். அரைகுறையாக விட்டுப் போனால் உறவுக்கு இழுக்கு. செல்லம்மாளின் அண்ணன் சடையன், பக்கத்து ஊரிலிருந்து சனத்தைத் திரட்டிக்கொண்டு விடிகாலையிலேயே வந்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு சுவரும் இல்லை. ராமனைக் கட்டிலோடு பலாமரத்தடியில் போட்டிருந்தார்கள். வெயிலுக்குத் தலையில் துண்டு.

சடையன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “வாங்க சார். நீங்க வாரதுக்குள்ள முடிச்சுப்போட்டோம்.”

“ஏனுங்க, செவுத்தத் தொடக்கூடாதுன்னு தங்கச்சி சொல்லலீங்களா?”

“சொல்லுச்சு. நீ போயி சோறாக்கு கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். இத்துப்போன செவுத்து மேல புது ஓடு வெச்சு, அது நாளைக்கு மச்சான் மேல உழுந்தா, நாங்கெல்லாம் என்னுங்க ஒறவு?”

கட்டடம் தெரிந்தவன் என்ற முறையில் சொன்னால், அவர் சொன்னது சரி.

அதிகாரி கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “சார், நான் எதை போட்டோ எடுக்கிறது? ரிப்பேருக்கு ஒரு செவுராவது நிக்கணுமே. இப்ப இங்க எது கட்டினாலும் புதுக் கட்டடம் சார்.”

“இது அவங்க அறியாம செஞ்சது…”

“தெரியுது சார். அதை எழுதறதுக்கு ஃபார்ம்ல எடமில்லையே.”

செல்லம்மாள் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், வந்த சனத்துக்கெல்லாம் இலை போட்டார். கடைசி ஆள் கை கழுவும் வரை அவர் அழவில்லை.

4. சிவப்பு பெயிண்ட்

மறுபடி விண்ணப்பித்தேன். மேலே மேலே போனேன். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். மண்ணில் பழைய சுவரின் அடி தெரிகிறதே என்று வரைந்து காட்டினேன். அடி வேறு, வீடு வேறு என்றார்கள். அவர்கள் சொன்னதும் விதிப்படி சரிதான். எல்லோரும் சரியாக இருந்ததில் ராமனுக்குக் கூரை இல்லாமல் போயிற்று.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். விதியை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினால் போதாது. கடப்பாரையோடு வரப்போகிற மாமன், மச்சான், அண்ணன் யார் என்று கேளுங்கள். அவர் ஊருக்குப் போய், அவரோடு உட்கார்ந்து சோறு தின்று சொல்லுங்கள். அதன் பிறகு நான் மலை ஏறும்போதெல்லாம் ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட் எடுத்துப் போனேன். ஒவ்வொரு சுவரிலும் ‘இடிக்காதே’ என்று முழ உயரத்தில் எழுதிவிட்டுத்தான் டேப்பை எடுப்பேன். என் கையெழுத்துக்குச் சுவரே தானாக விழும் என்று மேஸ்திரிகள் கிண்டல் செய்வார்கள். ஆனால் எழுதிய ஒரு சுவரும் விழவில்லை.

அப்படி ஒரு தடவை போனபோது செல்லம்மாளும் ராமனும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். நான்கு கம்பு, நீலத் தார்ப்பாய். தார்ப்பாய் கட்டடம் ஆகாது என்பதால் அதற்கு அனுமதி தேவையில்லை. அது காற்றுக்குப் பறக்காமல் இருக்க, கூரைக்கு வாங்கிய புது ஓடுகளை அதன் ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள்.

பெயிண்ட் டப்பாவைப் பார்த்து ராமன் கேட்டார்: “அது என்னத்துக்குங்க சார்?”

சொன்னேன்.

“அப்ப இதுலயும் எழுதிப்போட்டுப் போங்க. இதையாச்சும் ஆரும் பிரிக்காம இருக்கட்டும்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். செல்லம்மாள் பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுத்தார். எழுதினேன்.

ஐப்பசி மழை முடிந்து மறுபடி எட்டிப் பார்த்தேன். தார்ப்பாயில் பெயிண்ட் பிடிக்கவில்லை, கரைந்து போயிருந்தது. அதன் கீழே கட்டிலில் ராமன் கிடந்தார். தேங்கிய தண்ணீர் இன்னும் சொட்டியது, அவர் மேல் பாத்திரம் வைத்திருந்தார்கள்.