சோடாப் போத்தல் சத்தம்

கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலத்தில், நீர்வேலியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். கணினித் திரை முழுக்கக் கறுப்புப் பெட்டிகள். ஒரு பிள்ளையின் முகமும் தெரியாது.

“விளங்குதோ பிள்ளையள்?” என்று கேட்பேன். மூச்சு விடுகிற சத்தம்கூட வராது. பக்கத்து அறையிலிருந்து என் கணவர்தான், “ஓம் ரீச்சர், நல்லா விளங்குது!” என்பார்.

ஒருநாள் ஒரு தகப்பன் அழைத்தார். “உந்த வீடியோ வகுப்புக்கு டேற்றா காணாது ரீச்சர். வட்ஸ்அப்பிலை போடுங்கோவன். அதிலை எண்டால் பிள்ளை விடிஞ்சதிலை இருந்து நிக்குது.”

அப்படித்தான் குழுவைத் தொடங்கினேன். முதலில் ரோசாப்பூப் படங்களும் ‘காலை வணக்கம் ரீச்சரு’ம்தான் வந்தன. கேள்வி கேட்டால் மறுபடியும் மௌனம். அடுத்த பாடம் ஒலி. நான் கேள்வியை விட்டுவிட்டு, “உங்கடை வீட்டிலை கேக்கிற ஒரு சத்தத்தைப் பதிஞ்சு போடுங்கோ. மற்றவை அது என்னெண்டு சொல்லோணும்” என்று குரல் பதிவு அனுப்பினேன்.

அன்று பின்னேரம் என் போன் ஓயவில்லை. தண்ணீர் இறைக்கிற மோட்டர், தேங்காய் துருவுகிற சத்தம், முட்டையிட்ட கோழியின் ஆர்ப்பாட்டம். ஒருவன் தகப்பனின் குறட்டையைப் போட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் அதே போனிலிருந்து பெரிய ஆளின் குரல் வந்தது: “ரீச்சர், அது நானில்லை. மோட்டர்.”

கடைசியில் ஒரு பெண்பிள்ளையின் பதிவு வந்தது. வகுப்பில் யன்னலோரம் இருப்பவள். வரவுக்கு இடாப்புக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். அவளுடைய குரலை நான் கேட்டதே இல்லை. ‘பூ…’ என்று நீளமாக ஒரு சத்தம், பிறகு அதுவே கீச்சுக் குரலாக ஏறியது. கப்பல் என்றார்கள், சங்கு என்றார்கள், கன்றைத் தேடுகிற மாடு என்றார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதினாள்.

“சரி, நாங்கள் தோத்திட்டம். நீரே சொல்லும் பிள்ளை” என்றேன்.

அவள் பதிகிறாள் என்று போன் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு வந்தது குரல். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் ஏலம் கூறலாம், அப்படி ஒரு கணீர்.

“அது வெறும் சோடாப் போத்தல் ரீச்சர். வாயிலை வைச்சு ஊதினனான். தண்ணி விட விடச் சத்தம் கீச்சிடுது. ஏன் எண்டு ஆரும் சொல்லுங்கோ பாப்பம்!”

என் கணவர் எட்டிப் பார்த்து, “ஆர் உது, புது ரீச்சரோ?” என்றார்.

வகுப்பே போத்தல் ஊதத் தொடங்கியது. உள்ளே வளி நிற்கும் இடம் குறையக் குறையச் சுருதி கூடும் என்பதை அவர்களே பிடித்துவிட்டார்கள். எனக்குச் சொல்ல எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அவளுக்குத் தனியாக எழுதினேன்: “வகுப்பிலை ஏன் கதைக்கிறேல்லை?”

“வொய்ஸ் எண்டால் பிழைச்சால் அழிச்சுப்போட்டுத் திரும்பச் சொல்லலாம் ரீச்சர்.”

அவளுடைய பதிவை இன்னொருமுறை போட்டுக் கேட்டேன்.

பாடசாலை திறந்த பிறகு ஒருநாள் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். எழுந்து நின்றாள். நிலத்தைப் பார்த்தாள். “வீட்டை போய் வொய்ஸ் போடட்டே ரீச்சர்?”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

“இஞ்சையும் அழிக்கலாம். முதல்ல பிழையாவே சொல்லும்” என்றேன்.

பிழையாகத்தான் சொன்னாள். “அழிச்சாச்சு. திரும்பச் சொல்லும்.” இரண்டாம் முறை சரியாகச் சொன்னாள், பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்படி.

குழுவை நான் இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத யாராவது பின்னேரங்களில் அதில் கதைக்கத் தொடங்குகிறார்கள்.