நன்றாகப் பொருந்திய நம்பர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மைனஸ் மேடத்தின் நிம்மதி போயிற்று. காரணம் ஒரு நம்பர். இயற்பியல் துறையின் கம்ப்யூட்டர் அறைக்குப் புது மெஷின் வந்திருந்தது. சும்மா ஓட்டிப் பார்ப்போமே என்று தன் புரோகிராமை அதில் ஓட்டினாள். பழைய மெஷினில் 0.42 என்று வந்த விடை, புதியதில் 0.17 என்று வந்து நின்றது. மறுபடி ஓட்டினாள். அதே 0.17. பழையதில் ஓட்டினாள். அதே 0.42. இரண்டும் சளைக்காமல் அடம்பிடித்தன.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வேறு நாளாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். பதினொரு வருஷமாகப் பேராசிரியர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. கட்டுரை அச்சாகும்போது கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'கணிப்பு உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். யாருக்கு நன்றி என்றுகூட இருக்காது. அதைப் பற்றிக் கவலையே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய். ஒவ்வொரு முறையும் வலித்தது. இந்தத் தடவைதான் பேராசிரியர் தாமாகவே வந்து, "மேடம், எழுதினவங்க வரிசையில உங்க பேரும் வருது. பாதி வேலை உங்களோடது" என்றார். வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது. பஸ் கண்டக்டரான அவள் கணவர், வண்டியில் ஏறியவர் இறங்கியவர் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டார்.

கணக்கு இதுதான். மூன்று துகள்கள் சுழல்கின்றன. குவாண்டம் உலகத்தில் சுழற்சி நம் இஷ்டத்துக்கு இருக்காது, படிப்படியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு துகளுக்கும் மூன்று படி என்றால், மூன்றும் சேர்ந்து இருபத்தேழு நிலைகள். மொத்தச் சுழற்சி எவ்வளவு, அது எந்தப் படியில் நிற்கிறது என்ற கணக்கில் அந்த இருபத்தேழையும் கட்டிக் கொடுப்பது அவள் புரோகிராம். பிறகு படிகளையெல்லாம் கூட்டினால், துகள்கள் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்கும் என்று விடை வரும். பக்கத்து அறை லேசர்காரர் அதையே அளந்து பார்த்து 0.41 என்று சொல்லியிருந்தார். 0.42 வந்த அன்று மனிதர் வராந்தாவிலேயே ஒரு குதி குதித்தார். அவளுக்கு 'மைனஸ்' என்று பட்டம் வைத்தவரும் அவர்தான். தொலைந்துபோன கழித்தல் குறி எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள் என்பதால்.

அப்படிப்பட்டவள் இந்த ஒரு விடையைச் சோதிக்கவே இல்லை. பொருந்தாத விடையை ஆயிரம் தடவை நோண்டுவார்கள், பொருந்திய விடையை யார் நோண்டுகிறார்கள்?

புதன்கிழமை சாயங்காலம் சமையலறை மேஜையில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சின்னக் கணக்கு ஒன்றைக் கையால் போட்டாள். இரண்டே துகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே படி. எதிரில் மகள் பூகோளப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்க?"

"உங்கம்மா ஒரு முட்டாள்டி. அதான்."

"அது எனக்கு எப்பவோ தெரியுமே" என்று அடுப்படியிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். பென்சிலைத் தூக்கிக் காட்டி அவர் வாயை அடைத்தாள்.

தப்பு எங்கே என்று பிடிபட்டுவிட்டது. ஒரு நிலையை அப்படியே மைனஸால் பெருக்கினாலும் அது அதே நிலைதான். அதனால் ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டரிடம் தனித்தனியாகக் கேட்டால், அது தன் இஷ்டத்துக்குப் பிளஸோ மைனஸோ போட்டுக் கொடுக்கும். தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. படிகளைக் கூட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். பழைய மெஷினுக்கு ஒரு இஷ்டம், புதியதற்கு வேறு இஷ்டம். 0.17 மட்டுமில்லை, 0.42-உம் தப்பு. பொருந்தியது குருட்டு அதிர்ஷ்டம். மைனஸைத் தேடிப் பிடிப்பதிலேயே பேர் வாங்கியவள் இருபத்தேழு நிலைகளிலும் மைனஸைக் கோட்டைவிட்டிருக்கிறாள்!

வியாழக்கிழமை புரோகிராமைத் திருப்பி எழுதினாள். இனி படிகளைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. மேலே ஏற இடமே இல்லாத உச்சிப் படிகளை மட்டும் கண்டுபிடிப்பது, அங்கிருந்து ஒவ்வொரு படியாகக் கணக்குப் போட்டே இறக்குவது. உச்சியில் எந்தக் குறி வந்தாலும் கீழே உள்ளவை கூடவே மாறும், கூட்டினால் விடை அசையாது. ஓட்டினாள். 0.29. பக்கத்துத் துறை மெஷினையும் சேர்த்து மூன்று மெஷின்களில் ஓட்டினாள். உச்சியில் வேண்டுமென்றே குறியை மாற்றிப் போட்டுக் குழப்பியும் பார்த்தாள். 0.29, 0.29, 0.29. இவ்வளவு அழகான வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

0.41-க்குப் பக்கத்தில்கூட இல்லையே! வாயைத் திறக்காவிட்டால் நாளைக்குக் கட்டுரை போய்விடும், அவள் பேரோடு. பழைய மெஷினைச் சனிக்கிழமை கழித்துக் கட்டப்போகிறார்கள், ஈ காக்கைக்குத் தெரியாது. அந்த நினைப்பு அரை மணி நேரம் அவளைப் படாத பாடு படுத்தியது. பிறகு கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் அறையில் லேசர்காரரும் இருந்தார். தாளை மேஜையில் வைத்தாள்.

"சார், 0.42 தப்பு. நான்தான் குறியைக் கவனிக்காம விட்டுட்டேன். சரியான விடை 0.29."

"அடக் கடவுளே!" லேசர்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நல்லா இருந்த நம்பரை ஏன் மேடம் கெடுத்தீங்க?"

"அது நல்லா இருக்கல சார். நல்லா இருக்கிற மாதிரி நடிச்சுது."

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளை வரி வரியாகப் படித்தார். உச்சிக் குறியை மாற்றிப் பார்த்த இடத்தில் விரலை வைத்து, இரண்டாம் தடவையும் படித்தார்.

"என் பேரை எடுத்துடுங்க சார். பரவாயில்ல" என்றாள். பரவாயில்லாமல் எல்லாம் இல்லை.

"எதுக்கு எடுக்கணும்?" என்றார் அவர். கட்டுரையைப் புரட்டி, 'சோதனையோடு மிக நன்றாகப் பொருந்துகிறது' என்ற வரியை ஒரே கோடாக அடித்தார். "பொருந்தலன்னா ஏன் பொருந்தலன்னு பாக்கணும். துகள்கள் ஒண்ண ஒண்ணு தள்ளுதோ என்னவோ. இன்னைக்கு அனுப்ப வேணாம். ரெண்டு மாசம் ஆகும். ஆகட்டும். இந்தப் படி இறக்குற வேலை இருக்கே, அதுவே தனிக் கட்டுரை. அதை நீங்கதான் எழுதணும், முதல் பேரு உங்களோடது."

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மேலே தலைப்பை எழுதினார். அதன் கீழே பேனாவை வைத்தவர், வைத்தபடியே நின்றார். லேசர்காரரைப் பார்த்தார். அவர் சட்டென்று ஜன்னலைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க..." பேராசிரியர் தலையைச் சொறிந்தார். "கட்டுரையிலகூட இதுவரைக்கும் 'மைனஸ் மேடம்'னுதான் போட்டு வெச்சிருக்கேன். உங்க பேரு என்ன?"

பதினொரு வருஷம்! கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பேனாவை இப்படிக் குடுங்க சார்" என்று வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிறுத்தி நிதானமாகத் தானே எழுதினாள்.