சீனி போட்ட தீர்த்தம்

ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதேங்கோ என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற விஞ்ஞான ரீச்சர் நான். கணவர் காங்கேசன்துறைக் கடலில் தொழில் செய்கிறவர். ஒருமுறை எஞ்சின் நின்று, இரண்டு நாள் கடலில் கிடந்து உயிரோடு வந்தார். அன்றிலிருந்து வருடாவருடம் கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு விரதம். இளவயதில் சரி. இப்போது சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறதே!

போன வருடம் சண்டை பிடித்தேன். "முருகன் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னவரோ?"

"அவர் கேக்கேல்லை. நான்தான் வாக்குக் குடுத்தனான்."

மனுசனோடு கதைத்து வெல்ல ஏலாது. கடைசியில், பெரிய நீதவான் மாதிரி நானே தீர்ப்புச் சொன்னேன்: "சரி, சாப்பாட்டை விடுங்கோ. மருந்துக் குளிசையை மட்டும் விடாதேங்கோ." கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தானே எல்லாம் தெரியும்!

நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கிணற்றுக்கட்டில் இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குளித்தாராக்கும் என்று நினைத்தேன். வியர்வை. கை நடுங்கியது, நாக்குக் குழறியது.

"குளிசை போட்டனீங்களோ?"

"ஓம். நீர் சொன்னபடி, ரெண்டு நேரமும்."

வெறும் வயிற்றில் சீனியைக் குறைக்கிற குளிசை! ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

ஓட்டோவுக்குப் போன் பண்ணிவிட்டுச் சீனித் தண்ணீரை நீட்டினேன். தட்டிவிட்டார். "இன்னும் ரெண்டு நாள்தானே..."

ஐயோ, மயங்கி விழுந்தால்? உள்ளே ஓடினேன். காலையில் அவர் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் சாமித்தட்டில் செம்போடு இருந்தது. மூன்று கரண்டி சீனியைக் கொட்டிக் கலக்கினேன்.

"கோயில் தீர்த்தம். குடியுங்கோ."

மடக்மடக்கென்று குடித்தார். அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன். நேரம் நகரவே இல்லை. மெல்ல அவருடைய நடுக்கம் நின்றது, கண் தெளிந்தது.

"எத்தினை கரண்டி?" என்றார்.

எனக்குப் பொய் வரவில்லை. "மூண்டு. தெரிஞ்சுகொண்டோ குடிச்சனீங்கள்?"

"முதல் மிடறிலையே விளங்கிட்டுது."

"பிறகேன் குடிச்சனீங்கள்?"

"உள்ளுக்கை நிண்டு முருகா, முருகா எண்டு அழுதது நீரெல்லோ? அதைக் கேட்ட பிறகு என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. நான் அப்படி அழுதேனா? சத்தியமாக எனக்கு நினைவில்லை.