யார் யார் வந்தார்கள் என்று கேட்டபோது

முதலில் வந்தது முதுகுவலி. செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டர். நாள் முழுக்கக் குலுங்குகிற முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் காலை முகம் கழுவும்போது நெற்றியில் அரிசி அரிசியாகத் தட்டுப்பட்டது. கண்ணாடியைப் பார்த்தேன். பார்த்த வேகத்தில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன், அதற்கும் ஒட்டிக்கொண்டுவிடும் என்பதுபோல.

சுகாதாரப் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கேட்டதால் இதை எழுதுகிறேன். யார் வீட்டிலாவது இதே நோயோடு ஒருவர் படுத்திருந்தால் அவருக்கும் சேர்த்துத்தான்.

என் மனைவி ஆரோக்கியம் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். வைசூரி (பெரியம்மை). வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசலில் செருகப் போனாள். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். தபால்காரர்கூடத் தெருவில் நின்றே குரல் கொடுப்பார்.

“அந்தக் கொத்த உள்ள எடு. நாம வேதக்காரங்க” என்றேன். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

“எங்க நைனா வூட்லயும் சொருவுவாங்க. சாமியாரு பாத்துட்டு ஒண்ணும் சொன்னதில்ல.”

“உங்க நைனாவுக்கு மோட்சத்துல தனி வாசல் இருக்குது. எனக்கு இல்லியே.”

அவள் சிரிக்கவில்லை. வேதத்தின்மேல் எனக்கு அவ்வளவு பற்றும் கிடையாது. பூசையில் தூங்குகிறவன் நான். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. வைசூரி கண்டால் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். தெரிவித்தால் ஊருக்கு வெளியே கொட்டகையில் தனியாகப் படுக்கவைப்பார்கள். அங்கே போனவன் திரும்ப மாட்டான் என்று பஸ்ஸில் கதை கட்டிச் சிரிக்கவைத்தவனே நான்தான். கேட்டவர்கள் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்கள். கதையை நம்பியவன் நான் ஒருவனே.

வேப்பங்கொத்து அடுப்பங்கரைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் வந்தான். எங்கள் பஸ்ஸின் டிரைவர். பல வருஷமாக நான் விசில் ஊத, அவன் வண்டியை எடுப்பான். வாசலில் ஒன்றும் இல்லாததால் நேரே உள்ளே வந்துவிட்டான். ஆரோக்கியம் அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். நான் போர்வையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

“இன்னாடா, பொண்ணு பாக்க வந்த மாதிரி முக்காடு போட்டுக்கினு இருக்க?”

“காய்ச்சல்டா. குளுருது.”

“நீ இல்லாம வண்டி எழவு வூடு மாதிரி இருக்குது. ஒருத்தனும் வாயத் தொறக்கல. சீக்கிரம் வந்து சேரு.”

கேட்காமலே கால்மாட்டில் உட்கார்ந்து என் கால்களைப் பிடித்துவிட்டான். எழுந்து போடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதமாக இருந்தது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆரோக்கியமே ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிவிட்டாள். சுகாதார இன்ஸ்பெக்டர் நோட்டோடு வந்தார். முதலில் அவளுக்கு அம்மை குத்தினார் (நோய் வராமல் தடுக்கும் மருந்தைத் தோலில் கீறி வைப்பது).

“ஒடம்புல அம்மை போட்டப்புறம் வூட்டுக்கு யார் யார் வந்தாங்க? அவங்களுக்கும் இன்னிக்கே குத்திடலாம்” என்றார்.

“ஈயும் எறும்பும் வந்துச்சிங்க சார். புடிச்சிக் குடுத்தா குத்துவீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். ‘யாரும் இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

பெயரைச் சொன்னால், வைசூரியை மறைத்துவைத்து அவனைக் கால் பிடிக்க விட்டேன் என்று கோவிந்தனுக்குத் தெரிந்துபோகும். அந்த வெட்கம்தான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்ததாகச் சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை.

நோயாளியின் பெயரை ஊரில் பரப்புவது ஆஸ்பத்திரிக்காரர்கள் வழக்கமில்லை. அனந்தபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று தெருவில் சொல்லும்படி ஆரோக்கியத்திடம் சொல்லிவிட்டு, கூண்டு வண்டியில் கொட்டகைக்குப் போனேன்.

நான் கட்டிய கதைபோல் அங்கே ஒன்றும் இல்லை. நல்ல காற்று, எதிரே ராஜகிரி மலை. டாக்டர் ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் கை கழுவுவார். என் துணிகளைக் கொதிக்கவைத்தார்கள், உதிர்ந்த பொருக்குகளை (புண் காய்ந்த ஏடு) எரித்தார்கள். சிறுவயதில் அம்மை குத்தியிருந்ததால் எனக்குக் கடுமை குறைவு என்றார் டாக்டர்.

முகத்துப் பொருக்கெல்லாம் உதிர்ந்து, உள்ளங்காலில் மட்டும் மிச்சம் இருந்தபோது அடுத்த பாய்க்கு ஒருவனைத் தூக்கிவந்தார்கள். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. என் குரலைக் கேட்டுத் திரும்பினான்.

“அனந்தபுரம் போயிருக்கன்னு சொன்னாங்க. இதான் அனந்தபுரமாடா?”

கோவிந்தனின் குரல்.

அன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஒட்டின மூணு நாலு நாளைக்குள்ள குத்தினா பெரும்பாலும் காப்பாத்திடலாம், சூசை. அதுக்குத்தான் யார் வந்தாங்கன்னு கேக்கறது. உங்க பேரை நான் வெளிய சொல்லமாட்டேன், அது எங்க முறை. அவரு வூட்ல சொல்றதா வேணாமான்னு நீங்கதான் பாத்துக்கணும்.”

எனக்கு இனி ஒட்டாது என்பதால் அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன், உடம்பு துடைத்தேன். ஒன்பதாம் நாள் காலை ஊட்டிய கஞ்சி உள்ளே போகவில்லை. உடலைக்கூட வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். தூர நின்று அழுதுவிட்டுப் போனாள் அவன் மனைவி பச்சையம்மாள்.

நான் வீடு திரும்பியதும் அவளிடம் போனேன். வேப்பிலையிலிருந்து ஈ, எறும்பு வரைக்கும் சொன்னேன். அவள் அழவில்லை. கேட்டாள்.

“எத்தினி நாளைக்குள்ள குத்தியிருக்கணும்?”

“மூணு நாலு நாளு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவன்தான் ஊசின்னா பயந்து ஏரிக்கரைக்கு ஓடுவானேம்மா” என்றேன்.

“நீ கூப்ட்டிருந்தா வந்திருப்பாருண்ணா.” விரலை மடக்கி எண்ணினாள். “திங்கக்கெழம வண்டிக்குப் போனாரு. செவ்வாக்கெழம வண்டி ரிப்பேரு. அன்னிக்கி முழுக்க ஆஸ்பத்திரிக்கி எதுர்ல டீக்கடையிலதான் குந்திக்கினு இருந்தாரு.”

பிறகு எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பியும் வரவில்லை.

எனக்கு உடம்பு தேறி வருஷங்கள் ஆகிவிட்டன. புதுத் தோல் வந்துவிட்டது. சவரம் செய்யும்போது மட்டும் கத்தி குழிகளில் தடுக்கும். பஸ்ஸில் வேறு டிரைவர். வாரத்தின் மற்ற நாட்கள் எல்லோருக்கும் போலவே எனக்கும் வந்து போகின்றன. செவ்வாய்க்கிழமை மட்டும் போக மறுக்கிறது. விழித்ததும், இன்னும் நேரமிருக்கிறது, டீக்கடையில்தான் இருப்பான், ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று என் கால்கள் தாமாகவே பாயைவிட்டு இறங்கி நடக்கின்றன. தெருவுக்கு வந்த பிறகுதான் எந்த வருஷம் என்பது நினைவுக்கு வருகிறது.