சத்தமில்லாத சூடு

தை மாதத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் பைஜாமாவோடும் பனிச் சப்பாத்தோடும் ஓடிவந்து என் கதவைத் தட்டினார். "ஃபயர்! ஃபயர்!" என்று எங்கள் பக்கச் சுவரைக் காட்டினார். போய்ப் பார்த்தால், எங்கள் புதிய ஹீற் பம்ப் வெள்ளை வெளேரென்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது. தன் மேல் படிந்த உறைபனியை அது தானே உருக்கிக்கொள்கிறது, நெருப்பில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் அதை நம்ப மறுத்தார். ஆவி அடங்கும்வரை இரண்டு பேரும் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு காவல் நின்றோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். மைனஸ் பதினைந்தில் வெளியே நிற்கும் ஒரு பெட்டி, அந்தக் குளிர்காற்றில் மிச்சமிருக்கிற சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்புகிறது. யாழ்ப்பாணத்திலிருக்கும் நண்பனுக்குச் சொன்னபோது, "மச்சான், உன்னை நல்லாப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்" என்று சிரித்தான். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அந்தக் காற்றில் என்ன சூடு இருக்கப்போகிறது?

மில்லிக்கன் என்கிற இந்தப் புறநகரில் வீட்டை வாங்கிய நாள்முதல் பேஸ்மென்றில் வீட்டைச் சூடாக்க ஒரு காஸ் ஃபேர்னஸ் இருந்தது. முதலில் ஒரு கிளிக், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு வீடு முழுக்க இரைச்சல். அதற்குப் பக்கத்து அறையில்தான் அண்ணி இருக்கிறார். என் அண்ணையின் மனைவி. மேலே நல்ல வெளிச்சமான அறை சும்மா கிடக்கிறது, வாருங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டோம். வரமாட்டார். அறை வாசலில், சுவரில் மாட்டியிருக்கும் ரெலிபோன்தான் காரணம்.

போரின் கடைசி மாதங்களில், ஒரு மாசிப் பகலில், அண்ணை வன்னியிலிருந்து யாருடையதோ சற்றலைற் போனில் இந்த ரெலிபோனுக்குக் கூப்பிட்டார். ஒரு நிமிடம்கூடக் கதைக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம். "தம்பி, வீடு மாறினாலும் இந்த நம்பரை மாத்திப்போடாதை. எனக்கு மனப்பாடமா இருக்கிறது இது ஒண்டுதான்" என்றார். பிறகு போருக்குள்ளிருந்து சனங்கள் வெளியே வந்த இடத்தில் ஆமிக்காரர் ஆண்களை வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலால் அண்ணை கையைக் காட்டியதை அண்ணி கண்டார். அதற்குப் பிறகு அண்ணையைக் கண்டவர் எவரும் இல்லை. முகாம், அலுவலகங்கள், மனுக்கள் என்று சில வருடங்கள் அலைந்த பிறகு அண்ணி மட்டும் இங்கே வந்து சேர்ந்தார்.

அண்ணையின் படத்துக்கு நாங்கள் மாலை போடவில்லை. திவசம் செய்யத் திதி இல்லை. செத்தவர்களின் படங்களோடு அவரை வைக்க மனம் வராமல், ஹோலில் மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். அண்ணி இன்னும் குங்குமப் பொட்டு வைக்கிறார். பக்கத்து மார்க்கம் நகரத்துக் கலியாண மண்டபங்களில் சந்தனம் குங்குமம் நீட்டும் சின்னப் பெண்கள் ஒன்றும் தெரியாமல் நீட்டிவிடுவார்கள். பின்னால் நிற்கும் தாய்மார்தான் ஒரு கணம் தடுமாறுவார்கள். அண்ணி அதைக் காணாததுபோல உள்ளே போவார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

ஃபேர்னஸுக்கு வயது போய்விட்டது, ஹீற் பம்ப் போடுவோம் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். காஸ், காலநிலை என்று அவள் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அண்ணிதான் பேச்சை முடித்து வைத்தார்.

"உது இரைச்சல் போடாதோ பிள்ளை?"

"இல்லை பெரியம்மா, சூப்பர் குவாயற்."

"அப்ப போடுங்கோ தம்பி. உந்த ஃபேர்னஸ் இரையேக்கை ரெலிபோன் அடிச்சாலும் கேக்காது."

கார்த்திகையில் அதைப் பூட்ட டானி என்கிற போர்த்துக்கேயர் மிசிசாகாவிலிருந்து சாமான்களோடு வந்தார். வெளிப்பெட்டியிலிருந்து வரும் செப்புக் குழாயைப் பேஸ்மென்ற் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டும். வழியில் ரெலிபோன் வயர் குறுக்கே நின்றது. "இதை வெட்டட்டுமா?" என்று கேட்டார். "நோ! டோன்ற் ரச்!" என்று நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்த கம்பி வெட்டும் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, ரிசீவரை எடுத்து என் காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போய் மறுமுனையைக் காட்டினார். அது எதிலும் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஃபைபர் இன்ரர்நெற் போட வந்த ஒருவர் நம்பரை மொடெமுக்கு மாற்றிவிட்டு, பழைய வயரைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார். அன்று நான் வேலையில் நின்றேன். "அப்படியென்றால் நம்பர் இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கிறதே" என்று டானி தன் கைத்தொலைபேசியில் அந்த நம்பரை அடித்து என்னிடம் நீட்டினார். அங்கே மணி போய்க்கொண்டிருந்தது. எங்கள் சுவரில் ஒரு சத்தமும் இல்லை.

 மாதாமாதம் நேர்த்திக்கடன் போல அந்த பில்லைக் கட்டி வந்தவன் நான். இத்தனை வருடத்தில் அண்ணை ஒருதரம் அடித்திருந்தால்? அவருக்கு மணி போயிருக்கும். தம்பி வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றல்லவா நினைத்திருப்பார்.

அண்ணி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலையும் திருநீறு பூசிய கையோடு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பவர் அவர்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் தம்பி. இன்ரர்நெற்காரன் வந்திட்டுப் போன அண்டு தொடக்கம் சத்தம் இல்லை."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் நிப்பாட்டிப்போட்டியள் எண்டு நினைச்சன். இவ்வளவு காலம் வைச்சிருந்ததே பெரிசு. கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது எண்டு விட்டிட்டன்."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் எடுத்துக் காதிலை வைச்சனீங்கள்?"

"எடுக்காமல் விட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்செண்டு உங்களுக்கு விளங்கியிடும்."

ஃபேர்னஸ் இரைச்சலைப் பற்றிச் சொன்னதும், ரெலிபோன் வேலை செய்கிறதென்று தான் நம்புவதாகக் காட்ட, எனக்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். டானிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வயதான பெண்மணி அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடப் போன் இல்லாமல் தவிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, தன் வேலையை நிறுத்திவிட்டு மொடெமிலிருந்து ரெலிபோனுக்குப் புது வயர் இழுத்தார். பிறகு சரிபார்க்க அடித்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தச் சுவரில் மணி அடித்தது. அண்ணி பாய்ந்து போய் இரண்டு கையாலும் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... ஹலோ... ஆர்?"

"ஹலோ, மேடம்!" என்று பத்தடி தள்ளி நின்று டானி சிரித்தார்.

அண்ணி ரிசீவரை வைக்காமலே நிலத்தில் குந்திவிட்டார். டானி சிரிப்பை நிறுத்தி, எதற்கென்று தெரியாமலே "சொறி, சொறி" என்றார். நல்ல மனிதர். அவருக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை.

அன்று பின்னேரம் மகள் அந்த நம்பரின் செய்திப்பெட்டியைத் திறந்தாள். அது நிரம்பிக் கிடந்தது. எல்லாம் வீட்டுக் காற்றுக் குழாய் துப்புரவாக்குவோம் என்கிறவர்கள். ஒன்றில் மட்டும் குரல் இல்லை. சில விநாடிகள் வெறும் இரைச்சல், யாரோ மூச்சு விடுவது போல, பிறகு துண்டிப்பு. மறைத்த நம்பர். "அது ரோபோகோல் பெரியம்மா, மெஷின்தான் அடிக்கிறது" என்றாள் மகள். "இருக்கட்டும் பிள்ளை" என்றார் அண்ணி. கேட்ட செய்தியை அந்தப் பெட்டி மூன்று கிழமைதான் வைத்திருக்கும், பிறகு தானே அழித்துவிடும். தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமென்றால் ஒன்பதை அழுத்த வேண்டும். கலண்டரில் நாள் குறித்து அண்ணி ஒன்பதை அழுத்தி வருகிறார். பெட்டியில் ஆங்கிலத்தில் பேசிய பெண்குரலையும் எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தார். பல்வைத்தியரின் அலுவலகத்திலிருந்து கூப்பிடுகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். அது அவர்கள் பாடு.

போன வெள்ளி மத்தியானம் வேலையிடத்தில் இருந்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கிடங்கு, உள்ளே கைத்தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். அலுவலக மேசையில் இருக்கும் போனிலிருந்து அடித்தால் மறுபக்கத்தில் நம்பர் விழாது. அண்ணி கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்கு அடித்தேன். அண்ணை அடித்தால் அவர் காதில் என்ன விழும் என்று அறியவேண்டும்போல இருந்தது. மணி போய் ஓய்ந்தது. பிறகு அண்ணியின் குரல்.

"நாங்கள் இஞ்சைதான் இருக்கிறம். வீடு மாறேல்லை. நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

முப்பது வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ படிவங்களில் விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எந்த விலாசத்தைச் சொல்வது? பீப் சத்தம் கேட்ட பிறகும் வாயைக் கையால் பொத்தி, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நின்றேன். பிறகு போனை வைத்துவிட்டேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அண்ணி பேஸ்மென்ற் படிக்குக் கீழே எனக்காகக் காத்து நின்றார். அவர் முகத்தை நான் அப்படிக் கண்டதே இல்லை.

"தம்பி, இண்டைக்கும் ஒண்டு வந்திருக்கு. கதைக்கேல்லை. ஆனா இது மெஷின் இல்லை. அழுகையை அடக்கிற மூச்சு."

அது நான்தான் அண்ணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒன்பதை அழுத்திவிட்டு, இன்னொருதரம் கேட்பதற்காக ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெளியே ஹீற் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பத்தடி தள்ளி, டானி நின்ற அதே இடத்தில், நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.